அளக்காத வேலி

எங்கள் பக்கத்து ஆட்களிடம் பாராட்டு வாங்குவதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்று. விருந்து அமிர்தமாக இருந்தால் "தின்னலாம்" என்பார்கள். மணப்பெண் மகாராணி மாதிரி வந்து நின்றால் "துணி நல்ல துணி" என்பார்கள். உச்சகட்டப் பாராட்டு ஒன்று இருக்கிறது. அதை வாழ்நாளில் ஏதோ நாலைந்து முறைதான் செலவழிப்பார்கள்: "கொறச்சல்னு சொல்ல முடியாது." ஃபென்னாவின் புருஷன் ஹார்ம் அதைக் கடைசியாகச் சொன்னது ஒரு புறாவைப் பார்த்து. அந்தப் புறா பிரான்சின் தென்கோடியிலிருந்து பறந்து வந்து பந்தயத்தில் ஜெயித்திருந்தது. அதே நாள் ஃபென்னா சட்டத்தில் முதுகலைப் பட்டம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருந்தாள். அவளைப் பார்த்து அவன் சொன்னது, "வந்துட்டியா? சூப்பு அடுப்புல இருக்கு."

ஃபென்னா பிறந்ததும் வளர்ந்ததும் கட்டிக்கொண்டதும் ஓதர்சைலில்தான். டோலார்ட் குடாவின் ஓரத்தில், கடலணையின் முதுகில் சாய்ந்தபடி கிடக்கும் ஊர் அது. அணைமேல் ஏறி நின்றால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஜெர்மனி தெரியும், இந்தப் பக்கம் டச்சுக்காரர்கள் நாங்கள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தாள். வருகிற படகின் பெயரை எழுதுவது, போகிற படகின் பெயரை அடிப்பது, நடுவில் எல்லோருக்கும் காப்பி போடுவது, இவைதான் வேலை. அங்கேதான் அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது.

சேர்ந்த முதல் இலையுதிர் காலத்தில் ஓர் உல்லாசப் படகு மணல்திட்டில் ஏறிச் சிக்கிக்கொண்டது. ஃபென்னா நம் போலீசுக்கு போன் போட்டாள். "அது அவங்க தண்ணிம்மா" என்றார்கள். ஜெர்மன் போலீசுக்குப் போட்டாள். "அது இன்னும் முடிவாகாத தண்ணி, உங்க ஆளுங்களையே கேளுங்க" என்றார்கள். மறுபடி நம்மவர்கள். மறுபடி அவர்கள். அதற்குள் நீர்மட்டம் இறங்கி, படகு சாய்ந்து, அதிலிருந்தவர்கள் சட்டையைக் கழற்றி ஆட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் போனை அப்படியே போட்டுவிட்டுத் துறைக்கு ஓடினாள். அங்கே லுப்போ வலை சுருட்டிக்கொண்டிருந்தான். இறால் பிடிக்கிறவன், அப்போது மீசை அரும்பின வயசு.

"பொண்ணே, எதுக்கு இப்பிடி ஓடியாற?"

"படகு மாட்டிக்கிச்சு. யாரு தண்ணின்னு தெரியலைங்கிறாங்க."

"யாரு தண்ணியா இருந்தா என்ன, ஈரமாத்தானே இருக்கு?" என்று சொல்லி, போய் இழுத்து வந்துவிட்டான்.

எம்ஸ் ஆறு கடலில் சேரும் அந்த இடத்தில் இரண்டு நாட்டுக்கும் எல்லைக்கோடு கிடையாது. உங்கள் கரைவரைக்கும் தண்ணீர் எங்களுடையது என்கிறது ஜெர்மனி. இல்லை, ஆழமான வாய்க்காலின் நடுவோடு போகிறது கோடு என்கிறோம் நாங்கள். பேசிப் பேசி வாய் வலித்த பிறகு 1960இல் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். எல்லையைப் பற்றி அவரவர் கருத்து அவரவரோடு இருக்கட்டும், வேலையைச் சேர்ந்து பார்ப்போம் என்பதுதான் அதன் சாரம். அலுவலக மேஜையின் அடி இழுப்பறையில் கிடந்த அந்த ஒப்பந்தத்தின் பிரதியை ஃபென்னா ஒரு மத்தியானம் எடுத்துப் படித்தாள். உலகத்திலேயே அழகான வாக்கியம் இதுதான் என்று அவளுக்குப் பட்டது. சண்டையை ஜெயிக்காமல், தோற்காமல், அப்படியே பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்று இரண்டு அரசாங்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறதே!

பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் தலையெடுத்ததும் அஞ்சல் வழியில் சட்டப் படிப்பு. அதற்கும் பிறகு, மற்றப் பெண்கள் நடைக்குழுவில் சேரும் வயதில், இவள் முனைவர் ஆய்வில் சேர்ந்தாள். எல்லை தீராத நீரில் ஐரோப்பியச் சட்டம் யாரைக் கட்டும் என்பது அவள் ஆய்வு. மணல்திட்டில் குட்டி போடும் கடல்நாயைக் காப்பது எந்த நாட்டின் கடமை, கடலடியில் போகும் மின்கம்பிக்கு எந்த நாட்டு அனுமதி, வாய்க்காலைத் தூர்வாரும் கப்பலின் மாலுமிக்கு எந்த நாட்டுத் தொழிலாளர் சட்டம், இப்படி. விடுமுறை நாட்களில் பேருந்து ஏறி நகரத்துக்குப் போவாள். நகரம் என்றால் எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான், பெயர் சொல்லும் வழக்கமில்லை. நூலகத்தில் உட்கார்ந்துவிட்டுப் பொழுதுசாயத் திரும்புவாள். ஊரில் கேட்டார்கள்: "இந்த வயசுல எதுக்கு ஃபென்னா?" அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள்: "அன்னிக்கு லுப்போ கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லல."

ஆய்வேடு முடிந்தது. எங்கள் நாட்டில் ஆய்வேட்டோடு ஒரு தனித்தாளையும் அச்சடித்துத் தரவேண்டும். அதில் பத்துப் பன்னிரண்டு கூற்றுகள் இருக்கும். சில ஆய்வைப் பற்றி, சில உலகத்தைப் பற்றி. கடைசிக் கூற்று மட்டும் குறும்பாக இருப்பது வழக்கம். குறும்பு என்றாலும் அச்சில் ஏறிவிட்டால் சபையில் எழுந்து நின்று அதையும் காப்பாற்றியாக வேண்டும். ஃபென்னாவின் பதினோராவது கூற்று இது: "அளக்காத வேலி நட்பை வளர்க்கும், அளவுகோல் உள்ளே வந்தால் நட்பு வெளியே போகும்."

எழுதும்போது அவள் மனதில் இருந்தது ஜெர்மனி அல்ல, அவள் வீட்டுக் கொல்லை. அவர்களுக்கும் லுப்போவுக்கும் நடுவில் ஓர் உயிர்வேலி இருக்கிறது. முன்னொரு புயலில் பழைய வேலி சாய்ந்தபோது ஹார்மும் லுப்போவும் ஒரு சனிக்கிழமை ஆளுக்கு நாலு பியர் குடித்துவிட்டுக் கண்ணளவாக நட்டது. நேராக இருக்கவில்லை, அதனால் யாருக்கும் குறையும் இருக்கவில்லை. வேலியில் ஓர் இடைவெளி இருந்தது. மனைவியைப் பறிகொடுத்த நாளிலிருந்து லுப்போ ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த இடைவெளி வழியாக "மோய்" என்றபடி நுழைந்து, கடுகுச் சூப்பு குடித்து, ஹார்மோடு புறாக்களைப் பற்றிப் பேசிவிட்டுப் போவான். எங்களுக்குக் காலை வணக்கமும் மாலை வணக்கமும் எல்லாமும் அந்த ஒரு "மோய்"தான்.

ஆய்வேட்டைப் பேராசிரியர்கள் முன்னால் வாதாடிக் காக்கும் வாதநாளில் ஆய்வாளருக்கு இரண்டு பக்கமும் இரண்டு துணைத்தோழர்கள் நிற்கவேண்டும். மாப்பிள்ளைத் தோழன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபென்னா யோசிக்கவே இல்லை. ஒரு பக்கம் ஹார்ம், மறுபக்கம் லுப்போ.

"நானா? வால் வச்ச கோட்டுப் போட்டுக்கிட்டா?" என்றான் லுப்போ. "பொண்ணே, நான் கடைசியா கோட்டுப் போட்டது என் பொண்டாட்டி அடக்கத்துக்கு."

"இப்ப சந்தோஷத்துக்கு ஒரு தடவ போடேன்."

அவன் மூக்கைச் சிந்தினான். சளி ஒன்றும் இல்லை. கூற்றுத் தாளை வாங்கிக்கொண்டு போய்க் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினான். தினமும் பால் எடுக்கும்போது பதினோராவதைப் படித்தான். தன் வேலி அச்சில் வந்துவிட்டது என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேதான் வந்தது வினை. பல்கலைக்கழகத்து ஆட்கள் எதற்கும் ஆதாரம் கேட்பார்களே, வேலி எவ்வளவு கோணல் என்று கேட்டால் ஃபென்னா திருதிருவென்று முழிப்பாளே என்று அவனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. யாரிடமும் மூச்சு விடாமல் நில அளவைத் துறைக்கு எழுதிப் போட்டுவிட்டான். அளக்கக்கூடாது என்று சொல்லும் கூற்றைக் காப்பாற்ற அளந்து வைத்துக்கொள்வது! வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதைதான்.

சர்வேயர் வந்தார், மூன்று காலில் கருவியை நிறுத்தினார், சிவப்புத் தலை வைத்த நாலு முளை அடித்தார், போய்விட்டார். நீர்வாரியத்தில் புல்வெட்டி ஓட்டும் ஹார்ம், அணைக்கரை வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது முளைகள் வரிசையாக நின்றன. இரண்டு முளை அவனுடைய புறாக்கொட்டகைக்கு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம். நடுவில் கயிறு கட்டினால் கொட்டகையின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போகும்.

"என்னடா இது லுப்போ?"

"அளவுடா! ஃபென்னாவுக்காக!" லுப்போவின் முகம் பளபளத்தது. "ஒரு ஆளு நீட்டிப் படுக்கிற அகலத்துக்குத் தப்பா நிக்குது வேலி. இத எடுத்து விட்டா சபையே வாயப் பொளக்கும்."

"யாரு பக்கம் தப்பு?"

"ஒம் பக்கம். அதாவது... என் பக்கம். ஒன் கொட்டகையில பாதி என் பக்கம்."

ஹார்ம் கொட்டகையைப் பார்த்தான். முளையைப் பார்த்தான். "அப்ப இத்தன வருஷமா ஒன் மண்ணுல திருட்டுத்தனமா புறா வளத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

"அப்பிடி நான் சொன்னனா?"

"முளை சொல்லுது."

"முளை சொன்னா நான் என்னடா பண்றது?"

அந்த இடத்தில் லுப்போ ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் போதும், காரியம் முடிந்திருக்கும். ஆனால் பரிசு கொண்டு வந்தவனை, திருட்டுப் பட்டம் கட்ட வந்தவன் மாதிரிப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்?

"நாளைக்கே கொட்டகையப் பிரிச்சுடுறேன்" என்றான் ஹார்ம்.

"பிரி. யாரு வேண்டாம்னா?"

அவ்வளவுதான் சண்டை. எங்கள் ஊரில் யாரும் கத்தமாட்டார்கள், கல்லெறியமாட்டார்கள். பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஹார்ம் கொட்டகையைப் பிரிக்கவும் இல்லை. வேலியின் இடைவெளியில் சக்கரம் போன ஒரு தள்ளுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான், அவ்வளவே. ஞாயிற்றுக்கிழமை லுப்போ வரவில்லை. ஃபென்னா வழக்கம்போல மூன்று தட்டு வைத்துவிட்டு, பிறகு ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்தாள். அந்தத் தட்டு அவள் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

"போய் ஒரு வார்த்த பேசேன்" என்றாள் புருஷனிடம்.

"அவன் மண்ணு. அவன் பேசட்டும்."

வேலியைச் சுற்றிக்கொண்டு லுப்போ வீட்டுக்குப் போனாள்.

"பொண்ணே, ஒனக்குத் தொணையா நிக்கிறேன்னேன், நிப்பேன். சொன்ன சொல்லு சொல்லுதான். அவன் மூஞ்சியப் பாக்கணும்னு எங்கயும் எழுதலையே."

பதினோராவது கூற்றைத் திரும்பப் பெறமுடியுமா என்று வழிகாட்டிப் பேராசிரியரை போனில் கேட்டாள். அச்சாகி எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி முடியாது என்றார் அவர். இன்னொன்றும் சொன்னார்: ஜெர்மன் கரையிலிருந்து, மறுத்துக் கேள்வி கேட்கும் எதிராளராக வரும் பேராசிரியர் ஊக்கேனா மற்ற எல்லாவற்றையும் அடுத்தவர்களுக்கு விட்டுவிட்டுக் கடைசிக் கூற்றைத்தான் பிடித்துக்கொள்வார், இதுவரை ஒருவரையும் சும்மா விட்டதில்லை. ஃபென்னா போனை வைத்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்தாள். சபையில் பொய் சொல்ல அவளால் ஆகாது. உண்மையைச் சொன்னால் கூற்று கிடக்கட்டும், வீட்டுச் சண்டை நாலு பேர் முன்னால் அம்பலமாகும். எங்கள் ஆட்கள் அம்பலமான சண்டையிலிருந்து திரும்பி வருவதில்லை. பட்டம் வராவிட்டாலும் போகிறது, அந்த மூன்றாவது தட்டு திரும்ப மேஜைக்கு வந்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது.

வாதநாள் வந்தது. ஹார்ம் காரை ஓட்ட, பக்கத்தில் கறுப்பு உடுப்பில் ஃபென்னா, பின்னால் லுப்போ. இரண்டு ஆண்களும் வாடகைக்கு எடுத்த வால்கோட்டில். லுப்போவின் கை கோட்டுக்குள் அடங்காமல் முழங்கைக்குக் கீழே தனியாக வெளியே வந்திருந்தது.

"லுப்போகிட்ட சொல்லு, கதவச் சரியா சாத்தலன்னு" என்றான் ஹார்ம்.

"ஹார்ம்கிட்ட சொல்லு, சாத்தித்தான் இருக்கு."

"கதவு சாத்தித்தான் இருக்காம்" என்றாள் ஃபென்னா. நகரம் வரைக்கும் அவளுக்குத் தூதர் உத்தியோகம்.

சபை நிறைந்திருந்தது. ஊரிலிருந்து ஒரு பேருந்து முழுக்க வந்து பின்வரிசைகளைப் பிடித்திருந்தார்கள். துறைமுக அலுவலகத்து ஆட்கள், நடைக்குழுப் பெண்கள், அக்கம்பக்கம், இரண்டு பிள்ளைகள். வெள்ளித் தலைப்பூண் போட்ட தடியை ஊன்றிக்கொண்டு கட்டியக்காரி முன்னே நடக்க, கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியுமாகப் பேராசிரியர்கள் பின்னே வந்து உட்கார்ந்தார்கள். இனி முக்கால் மணி நேரம் ஃபென்னா நின்றுகொண்டே பதில் சொல்லவேண்டும். நேரம் முடிந்ததும் கட்டியக்காரி திரும்ப வந்து தடியைத் தரையில் தட்டி "ஹோரா எஸ்ட்" என்பாள். நேரமாயிற்று என்று லத்தீனில். அந்த நொடியில் வாயில் எந்தச் சொல் இருக்கிறதோ அதை விழுங்கிவிட வேண்டியதுதான்.

பெல்ஜியத்திலிருந்து வந்த ஒல்லிப் பேராசிரியர் முதலில் எழுந்தார். யாருக்கும் சொந்தமில்லாத திட்டில் பிறந்த கடல்நாய்க்குட்டியை எந்த அரசு காக்கவேண்டும் என்றார்.

"மிகக் கற்றறிந்த எதிராளரே" என்று ஆரம்பித்தாள் ஃபென்னா. அப்படித்தான் அழைக்கவேண்டும், முறை. "திட்டு யாருடையது என்பது குட்டிக்குத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. அந்த நிலம் என்னுடையது என்று ஓர் அரசு சொல்லிக்கொண்டால், அந்தச் சொல்லோடு கடமையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இங்கே இரண்டு அரசும் சொல்லிக்கொள்கின்றன. ஆகவே அந்தக் குட்டிக்கு இரண்டு காவலர்."

ஒல்லிக்காரர் விடவில்லை. இரண்டு பேருக்கும் பொது என்றால் நடைமுறையில் ஒருவருக்கும் இல்லை என்றுதானே ஆகும் என்றார். ஃபென்னா மணல்திட்டுப் படகின் கதையைச் சொன்னாள், போன் போட்டதிலிருந்து லுப்போ இழுத்து வந்தது வரைக்கும். அந்தக் கேள்விக்குப் பதிலாக எழுதியதுதான் தன் நாலாவது அத்தியாயம் என்றாள். பின்வரிசை லுப்போவைப் பார்த்தது. லுப்போ கூரையைப் பார்த்தான். மின்கம்பிக் கேள்வி வந்தது, மாலுமிக் கேள்வி வந்தது. அவள் குரல் ஏறி நின்றுவிட்டது. எத்தனையோ வருஷம் தனியாகப் பேசிக்கொண்டிருந்த விஷயத்தை எட்டுப் பேர் அங்கி போட்டுக்கொண்டு வந்து மறித்து மறித்துக் கேட்பதில் எவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பின்வரிசைக்குப் பாதி புரியவில்லை. ஆனால் நம்ம ஃபென்னா அடித்து ஆடுகிறாள் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

கடைசியாகப் பேராசிரியர் ஊக்கேனா எழுந்தார். நெட்டையான மனுஷி, நரைத்த கொண்டை, முகத்தில் ஒரு கோடுகூட அசையாது.

"வலப்பக்கத்துத் துணைத்தோழர் பதினோராவது கூற்றை உரக்கப் படிக்கட்டும்."

வலப்பக்கம் நின்றவன் லுப்போ. தாளைப் பிரித்தான். ஆனால் அவனுக்குத் தாள் எதற்கு, பால் எடுக்கும்போதெல்லாம் படித்ததுதானே. "அளக்காத வேலி நட்பை வளர்க்கும்" என்றான். "அளவுகோல் உள்ளே வந்தால்..." என்று ஆரம்பித்து மீதியை யாருக்கும் கேட்காமல் முடித்தான்.

"அழகான வாக்கியம்" என்றார் ஊக்கேனா. "ஆனால் சட்டத்தில் அழகு ஆதாரமாகாது. எங்கேனும் ஓர் உண்மையான வேலியைக் காட்டமுடியுமா?"

ஃபென்னா மூச்சை இழுத்துக்கொண்டாள். "மிகக் கற்றறிந்த எதிராளரே, என் வீட்டுக் கொல்லையில் ஒன்று இருக்கிறது. பல காலம் யாரும் அளக்காமல் நன்றாக இருந்தது. சமீபத்தில் அளந்துவிட்டார்கள்."

"யார்?"

"என் வலப்பக்கத்துத் தோழர் ஆள் வைத்து அளந்தார். என் கூற்றைக் காப்பாற்றுவதற்காக."

பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும்.

"அளவு என்ன சொன்னது?"

"என் இடப்பக்கத்துத் தோழரின் புறாக்கொட்டகை இரண்டு ஆட்சிப் பரப்பில் நிற்கிறது என்று."

மேடையில் ஒரு தொப்பி குலுங்கியது. ஹார்முக்குக் காது சிவந்தது. ஊக்கேனாவின் முகம் மட்டும் அசையவில்லை. "ஆக, கூற்று பொய்த்துவிட்டதா?"

"இல்லை" என்றாள் ஃபென்னா. "நிரூபணமாகிவிட்டது. அளந்த நாளிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை." இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. மறைக்கவும் இல்லை. "இப்படியொரு நிரூபணம் கிடைக்காமலே போயிருந்தால் நான் இன்னும் சந்தோஷமாக இருந்திருப்பேன்."

ஊக்கேனா கண்ணாடியைக் கழற்றினார்.

"இரண்டு அரசுகளுக்கு இப்படி நேர்ந்தால் என்ன செய்யலாம் என்று ஆய்வேட்டில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தோழர்களுக்கு நேர்ந்தால்? தெரியாவிட்டால் பரவாயில்லை. ஆய்வாளர் தம் துணைத்தோழர்களோடு கலந்து பேசலாம் என்று பழைய விதி ஒன்று உண்டு. நான் எதிராளராக வந்த எந்தச் சபையிலும் யாரும் அதைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை."

ஃபென்னா திரும்பினாள். இரண்டு வால்கோட்டுகளும் தயங்கித் தயங்கி நெருங்கின. மூன்று தலையும் ஒன்றுகூடின.

"என்ன சொல்லட்டும்?" என்றாள்.

லுப்போ இரகசியமாகத்தான் பேசினான். ஆனால் படகு எஞ்சின் பக்கத்திலேயே காலம் தள்ளினவன். அவனுடைய இரகசியம் பின்வரிசையின் கடைசி நாற்காலி வரைக்கும் போய் உட்கார்ந்தது.

"அந்த முளையில ரெண்ட நான் நேத்து சாயங்காலமே புடுங்கிட்டேன்."

"மெதுவாடா!" என்றான் ஹார்ம். அதுதான் சண்டைக்குப் பிறகு அவன் லுப்போவிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. "அரசாங்கத்து முளை. புடுங்குனா குத்தம்."

"நாலையும் புடுங்கத்தான் போனேன். ஒன் புறா சிறகடிச்சுது, பயந்து ஓடியாந்துட்டேன்."

ஹார்ம் அவனையே பார்த்தான். "காலையில தீனி போடப் போனேன். ரெண்டுதான் நின்னுச்சு. காத்துல விழுந்துருச்சாக்கும்னு நெனச்சேன்."

"மிச்சம் ரெண்டு?"

"நான் புடுங்கிட்டேன்."

"நீயா?"

"தீனிப் பொட்டியில வச்சிருக்கேன்."

"நான் கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன்டா, மடையா!"

கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. ஹார்ம் சிரிக்கிற சத்தம். ஊரில் அதைக் கேட்டவர்கள் குறைவு. லுப்போவின் கை ஹார்மின் தோளில் விழுந்தது. விழுந்த வேகத்தில் இரவல் கோட்டின் கக்கம் டர்ரென்று கிழிந்தது. நடுவில் அகப்பட்ட ஃபென்னா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்துகொண்டே மேடைப் பக்கம் திரும்பினாள்.

"மிகக் கற்றறிந்த எதிராளரே! எல்லை தொலைந்துவிட்டது என்று என் தோழர்கள் தெரிவிக்கிறார்கள்!"

ஓதர்சைல் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. அந்தச் சபையில் கைதட்டக்கூடாது. தட்டினார்கள். நடைக்குழுப் பெண் ஒருத்தி விசிலடித்தாள். ஊக்கேனாவின் முகத்துக் கோடுகள் ஒவ்வொன்றாக அசைந்து, கடைசியில் முழுச் சிரிப்பாயின. "அப்படியானால் என் அடுத்த கேள்வி, புறாக்களின் குடியுரிமை..." என்று அவர் ஆரம்பிக்கவும் கதவு திறந்தது. தடி தரையில் இடித்தது.

"ஹோரா எஸ்ட்!"

பேராசிரியர்கள் எழுந்து போய், கூடிப் பேசி, திரும்பி வந்து, ஃபென்னாவுக்கு முனைவர் பட்டம் கொடுத்தார்கள். அதைப் பற்றி விரிவாகச் சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அவளுக்கே சரியாக ஞாபகமில்லை. காகிதச் சுருள் போட்ட சிவப்புக் குழல் கைக்கு வந்ததும், வழிகாட்டி பேசியதும், பேசும்போது அவர் மூக்கைத் துடைத்ததும் நினைவிருக்கிறது. விருந்துக் கூடத்தில் ஊக்கேனா, கக்கம் கிழிந்த லுப்போவிடம் போய் நின்றார்.

"இப்போதாவது சொல்லுங்கள். அந்தப் புறாக்கள் யாருடையவை?"

"அம்மா, முட்ட போட்டா அவனோடது. எச்சம் போட்டா என்னோடது. இத்தோட விட்ருங்க."

திரும்பும்போது லுப்போ முன்னால் உட்கார்ந்துகொண்டான். ஃபென்னா குழலை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்துகொண்டாள். யார் முதலில் பிடுங்கினது, யார் பிடுங்கின முளை ஆழமாக அடித்தது, கிழிந்த கோட்டுக்குக் கடைக்காரனிடம் என்ன சொல்வது என்று முன்னிருக்கைக்காரர்கள் வழியெல்லாம் சண்டை போட்டார்கள். அவளை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. தூதர் வேலை போனதில் ஃபென்னாவுக்கு அப்படியொரு ஆனந்தம். இருபுறமும் நனைந்த வயல்கள், தூரத்தில் அணை, அதன்மேல் மாலை வெயில் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது.

வீட்டு வாசலில் கார் நின்றது. லுப்போ இறங்கிக் கொல்லைப் பக்கம் போனான். தள்ளுவண்டி உருண்டு கவிழும் சத்தம் கேட்டது. "சூப்ப எடுத்து வையி பொண்ணே, இன்னிக்கு ஞாயித்துக்கெழமைன்னு வச்சுக்குவோம்!" என்று அங்கிருந்தே கத்தினான்.

ஹார்ம் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பின்பக்கக் கண்ணாடியில் அவளைப் பார்த்தான், பார்வையை எடுத்தான், மறுபடி பார்த்தான்.

"ஃபென்னா."

"ம்?"

"கொறச்சல்னு சொல்ல முடியாது."

சபையில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது வந்தது. முனைவர் ஃபென்னா குழலைக் கட்டிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, சிரித்த முகத்தோடு அழுதாள். தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு வந்த லுப்போ கார் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"என்னடா இது, எதுக்கு அழுவுறா?"

"ஒண்ணுமில்லடா" என்றான் ஹார்ம். "நான்தான் கொஞ்சம் ஓவராப் பேசிட்டேன்."